வெயிலில் உழைப்போரின் இருதயமும் குடிநீரும்

கோடை அறுவடையில் திறமையாக உழைக்கும் ஆள், உச்சிப்பொழுதில் அரிவாளை வைத்துவிட்டு வரப்பில் சாய்ந்துவிடுவதுண்டு. அதனைச் சோம்பல் என்று கடிந்துகொள்ளுமுன் அவனுடைய நாடியைத் தொட்டுப் பார்த்தல் நலம்.

மனித தேகத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 60 பங்கு ஜலமாகும். வளர்ந்த ஆளின் இரத்தம் சுமார் 5 லிட்டர். வெயிலில் வேலை செய்யுங்கால் இவ்விரத்தம் தசைகளுக்குப் பிராணவாயுவைக் கொடுத்தல் வேண்டும்; உட்சூட்டைத் தோலுக்குக் கொணர்ந்து வெளியேற்றலும் வேண்டும். கடும் உழைப்பில் மணிக்கு 1 லிட்டர் வேர்வை வெளியேறக்கூடும். அதனை ஈடு செய்யாவிடில் இரத்தத்தின் ஜலபாகம் குறைந்து, இருதயத்திற்குத் திரும்பும் இரத்தமும் குறைகின்றது. ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளப்படும் அளவு சுருங்கவே, இருதயம் விரைந்து துடிக்கின்றது. சிறிய சாலினால் இறைப்பவன் அதே வயலை நனைக்கப் பன்முறை இறைக்க வேண்டியதை இது ஒக்கும். தேக எடையில் நூற்றுக்கு 1 பங்கு ஜலம் குறையின், நாடி நிமிஷத்திற்குச் சுமார் 3 முதல் 5 துடிப்பு வரை மிகுதியாகும். 60 கிலோ எடையுள்ளவன் 2 லிட்டர் வேர்வையை ஈடு செய்யாதிருப்பின், அவனுடைய இருதயம் நிமிஷத்திற்குச் சுமார் 10 முதல் 17 துடிப்புகள் வரை வீண் சுமை சுமக்கின்றது.

தாகம் ஒன்றையே நம்புதல் போதாது. அடால்ப் என்பாரும் அவருடைய சகாக்களும் பாலைவனத்தில் மனிதரின் நிலைமையைப் பற்றி 1947-ல் வெளியிட்ட நூலில், நீர் அருகிலிருந்தும் உழைப்போர் தாம் இழந்தது முழுவதையும் குடிப்பதில்லையென்றும், உணவு வேளையிலேயே அக்குறை பெரிதும் நிரம்புகின்றதென்றும் காட்டியுள்ளனர்.

ஆகவே நிலமுடையோர் குடிநீரைக் கிணற்றடியில் விடாது, வேலை நடக்குமிடத்திலேயே நிழலில் வைத்தல் வேண்டும். 15 முதல் 20 நிமிஷத்திற்கு ஒருமுறை ஒரு தம்ளர் அருந்தச் செய்க. மணிக்குச் சுமார் 1.4 லிட்டருக்கு மேற்படின் இரத்தத்தின் உப்பு நீர்த்துப் போகக்கூடும். நீராகாரமும் உப்பிட்ட மோரும் உப்பையும் மீட்கும். ஒதுங்க மறைவிடம் இல்லாமையால் பெண்ஆட்கள் நீர் அருந்தாதிருப்பர். மறைவிடம் அமைத்தல் நிலமுடையோர் கடமை. இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளோர் வைத்தியர் கூறும் அளவையே கொள்க.

ஒருவன் தடுமாறிப் பேசினாலும் மயங்கினாலும், உடனே நிழலில் கிடத்தி, உடல் முழுதும் நீர் ஊற்றி விசிறி, வைத்தியசாலைக்கு அனுப்புதல் வேண்டும்; மயங்கியவன் வாயில் நீர் புகட்டலாகாது. கிராம அதிகாரிகள் இவற்றை அறுவடைக்கு முன்னரே யாவர்க்கும் அறிவித்தால், வரப்பில் ஓர் உயிர் வீணே போகாது.