கேம்பர் வேன் பராமரிப்பு: கிலோமீட்டருக்கு ஒரு கணக்கு, காலண்டருக்கு ஒரு கணக்கு

மழைக்காலம் முழுக்க வாசலில் நின்ற எங்கள் வேனின் கதவைத் திறந்ததுமே ஈர நெடி அடித்தது. மெத்தையைத் தூக்கிவிட்டுக் கட்டில் பலகையின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினேன். டீயில் நனைத்த ரஸ்க் போல விரல் உள்ளே போனது. கூரை விசிறியைச் சுற்றிப் பூசிய சிலிக்கானில் நகக்கீறல் அளவுக்கு ஒரு விரிசல் இருந்தது. பெய்த மழையெல்லாம் அந்த வழியாகத்தான் இறங்கியிருக்கிறது. அந்த மூன்று மாதத்தில் வண்டி ஒரு கிலோமீட்டர்கூட ஓடவில்லை.

அன்றைக்குப் புரிந்தது இதுதான். கேம்பர் வேன் என்பது ஒரு வண்டிக்குள் ஒரு வீடு. வண்டி ஓடினால் தேயும். வீடு சும்மா நின்றாலும் தேயும். சர்வீஸ் புத்தகம் வண்டிக்கு மட்டும்தான் கணக்கு சொல்கிறது. வீட்டின் நாட்களை நாம்தான் எண்ண வேண்டும். டெம்போ டிராவலர் போன்ற டீசல் வேனை மாற்றிக் கட்டியவர்களை மனதில் வைத்து இந்த அட்டவணையைத் தருகிறேன். உங்கள் வண்டியின் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

முதலில் ஒரு நோட்டு

40 பக்க நோட்டு ஒன்றை வண்டியிலேயே வையுங்கள். இடப்பக்கம் கிலோமீட்டர் கணக்கு, வலப்பக்கம் தேதிக் கணக்கு. எந்த வேலை செய்தாலும் அன்றைய தேதி, ஓடிய கிலோமீட்டர், மாற்றிய பொருள் மூன்றையும் எழுதுங்கள். புது ஊரில் புது மெக்கானிக்கிடம் வண்டியை விடும்போது இந்த நோட்டுதான் உங்களுக்காகப் பேசும்.

ஒவ்வொரு பயணத்துக்கும் முன்: இருபது நிமிடம்

1. முந்தைய இரவே எஞ்சினுக்கு அடியில் பழைய அட்டை ஒன்றை விரித்து வையுங்கள். காலையில் அதில் கறுப்புச் சொட்டு இருந்தால் ஆயில். பச்சையோ இளஞ்சிவப்போ இருந்தால் கூலன்ட். இரண்டில் எது இருந்தாலும் பட்டறைக்குப் போய்விட்டுத்தான் பயணம்.

2. டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்று பாருங்கள். ஸ்டெப்னியை விடாதீர்கள். கேம்பர் வேன் எப்போதும் பாரத்தோடுதான் ஓடுகிறது. ஆகவே கையேட்டில் முழுப் பாரத்துக்கு என்ன அளவு போட்டிருக்கிறதோ அதுதான் உங்கள் அளவு.

3. சமதளத்தில் நிறுத்தி எஞ்சின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் மட்டங்களைப் பாருங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது.

4. ஹெட்லைட், இண்டிகேட்டர், பிரேக் லைட், வைப்பர், ஹாரன் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள்.

5. கேஸ் சிலிண்டர் வால்வை மூடுங்கள். அலமாரிக் கதவுகளைத் தாழிடுங்கள்.

மாதம் ஒருமுறை: கேஸ், பேட்டரி, தீயணைப்பான்

கேஸ் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். சோப்புத் தண்ணீரை நுரைக்க அடித்து ரெகுலேட்டர், ஹோஸ், அடுப்பு இணைப்பு எல்லா இடத்திலும் தடவி வால்வைத் திறங்கள். குமிழி கிளம்பும் இடம் கசியும் இடம். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். அதனால் தரையோரக் காற்றுத் துளையில் தூசியோ துணியோ அடைத்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். கேஸ் ஹோஸ் பார்க்க நன்றாக இருந்தாலும் ஐந்து ஆண்டில் மாற்றிவிடுங்கள்.

வீட்டுப் பகுதிக்கான பேட்டரியைச் சில மணி நேரம் சார்ஜும் லோடும் இல்லாமல் விட்டுப் பிறகு மல்டிமீட்டரில் அளங்கள். லெட்-ஆசிட் பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே ஊற்றுங்கள். டெர்மினலில் வெள்ளைப் பூப்பு படிந்திருந்தால் வெந்நீரில் சோடா மாவு கலந்து துலக்கி, துடைத்து, வாசலைன் தடவுங்கள். லித்தியம் பேட்டரிக்கு இந்த வோல்ட் கணக்கு பொருந்தாது. அதற்கு மானிட்டர்தான் வழி.

தீயணைப்பானின் முள் பச்சையில் நிற்க வேண்டும். பவுடர் வகையென்றால் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். இல்லாவிட்டால் ஓட்டத்தின் அதிர்வில் பவுடர் அடியில் இறுகிவிடும். சோலார் பேனலை வெயில் ஏறும் முன் ஈரத்துணியால் துடையுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை: தண்ணீர்த் தொட்டியும் ஸ்க்ரூக்களும்

100 லிட்டர் தொட்டிக்கு 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் 100 மில்லி போதும். வாசனை சேர்க்காததாக வாங்குங்கள். முதலில் ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துத் தொட்டியில் ஊற்றி நிரப்புங்கள். ஒவ்வொரு குழாயையும் திறந்து, குளோரின் வாடை வந்ததும் மூடுங்கள். நான்கு மணி நேரம் விட்டு வடித்து, வாடை போகும்வரை நல்ல தண்ணீரில் அலசுங்கள். வினிகரையோ வேறு கிளீனரையோ இதோடு கலக்கவே கூடாது.

நம் சாலைகளில் ஓடும் வீட்டில் எந்த ஸ்க்ரூவும் இறுக்கமாகவே இருந்துவிடாது. அலமாரி, கட்டில் சட்டம், சோலார் பேனல் கால் எல்லாவற்றையும் ஸ்க்ரூடிரைவர் வைத்து ஒரு சுற்றுச் சோதியுங்கள். இன்வெர்ட்டர் ஓடும்போது அதன் ஒயரைத் தொட்டுப் பாருங்கள். ஓர் இடம் மட்டும் சுட்டால் அந்த இணைப்பு தளர்ந்திருக்கிறது. தீப்பிடிக்க அதுவே போதும்.

கிலோமீட்டர் கணக்கு

எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும் கையேடு சொல்லும் கிலோமீட்டரில், அவ்வளவு ஓடாவிட்டால் ஆண்டுக்கு ஒருமுறை. 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை வீல் அலைன்மென்ட் பார்த்து டயர்களை இடம் மாற்றுங்கள். புழுதிப் பாதையில் அதிகம் ஓடியிருந்தால் ஏர் ஃபில்டரை முன்கூட்டியே கழற்றிப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாவிட்டாலும் ஆறு ஆண்டு தாண்டிய டயரை நம்பி நெடுந்தூரம் போக வேண்டாம். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் வயதைப் பார்க்கவே வேண்டியதில்லை.

பிரேக் ஆயிலைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 டிகிரி வரை இறங்கலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் சூடு அந்த எல்லையைத் தொடும். ஆயிலுக்குள் ஆவிக்குமிழி உண்டாகும். மிதித்த பெடல் பஞ்சு போல அமுங்கும். ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை முழுவதும் மாற்றுங்கள். இறங்கும்போது மலை டிரைவர்கள் சொல்வதைக் கேளுங்கள்: எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு.

ஆண்டுக்கு ஒருமுறை: ஆயுத பூஜைக்கு முன்

வண்டியைக் கழுவிப் பொட்டு வைக்கும் நாள் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும். ஆகவே பெரிய வேலைகளைப் புரட்டாசியில் முடித்துவிடுங்கள்.

- கூரை: ஒருவர் மேலே ஹோஸ் பைப்பால் தண்ணீர் விட, இன்னொருவர் உள்ளே டார்ச்சோடு ஒவ்வொரு மூட்டாகப் பார்க்க வேண்டும். விரிசல் கண்ட சிலிக்கானின் மேலேயே புதிதாகப் பூசாதீர்கள். பழையதைச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காய்ந்தபின் பூசுங்கள்.
- அடிப்பாகம்: துரு கண்ட இடத்தைத் தேய்த்துப் பெயின்ட் அடியுங்கள். தனுஷ்கோடி போன்ற கடலோரம் போய் வந்தால் ஆண்டு முடியும்வரை காத்திருக்காமல் அன்றே நல்ல தண்ணீரில் அடித்துக் கழுவுங்கள்.
- எடை: தண்ணீர், சிலிண்டர், சாமான், ஆட்கள் எல்லாவற்றோடும் எடை மேடையில் ஏற்றி, ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையோடு ஒப்பிடுங்கள். 100 லிட்டர் தண்ணீரே 100 கிலோ.
- காகிதம்: இன்சூரன்ஸ், புகைச் சான்று, எஃப்.சி. தேதிகளைப் பாருங்கள். வண்டியை மாற்றிக் கட்டியது ஆர்.சி.யில் பதிவாகியிருக்க வேண்டும்.

நிறுத்தி வைக்கும் நாட்களில்

தண்ணீர்த் தொட்டியை வடித்துவிடுங்கள். ஃபிரிட்ஜைத் துடைத்துக் கதவைச் சற்றே திறந்து வையுங்கள். மாதக்கணக்கில் நிற்கப்போகிறது என்றால் ஹேண்ட்பிரேக்குக்குப் பதில் கியரில் போட்டுச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பானெட்டைத் திறந்து எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அரை மணி நேரம் ஓட்டி வாருங்கள். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் உறுமவிடுவது பேட்டரிக்குப் போதாது.

எங்கள் கட்டில் பலகையை மொத்தமாக மாற்ற வேண்டியதாயிற்று. விரிசலை முன்பே பார்த்திருந்தால் ஒரே ஒரு சிலிக்கான் டியூபோடு முடிந்திருக்கும். இந்த ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்கும் முன், ஏணி போட்டுக் கூரையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.