மோட்டார் மேல் பழி போடாதீங்க!
(பழைய காரில் பவர் விண்டோ மெதுவாக ஏறினால் எங்கே தேடுவது?)



ஓம் விதி பரீட்சைக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன கோடை விடுமுறையில் என் சித்தப்பாவின் ஒர்க்ஷாப்புக்கு வந்த ஒரு கார் அந்த நினைப்பை மாற்றிவிட்டது.

அது 1980களில் வந்த கார். ஓட்டி வந்தவர் ஒரு பெரியவர். டிரைவர் பக்கக் கண்ணாடி கீழிருந்து மேலே ஏற 14 விநாடி ஆனது. அடுத்த பக்கம் 4 விநாடிதான். "மோட்டார் போச்சு, இந்த மாடலுக்கு இப்போ கிடைக்காது, கண்ணாடியை மேலே ஏத்தி அப்படியே நிறுத்திடலாம்னு ஒரு இடத்துல சொல்லிட்டாங்க தம்பி" என்றார். சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "ஆபத்து நேரத்துல கதவு திறக்கலேன்னா ஜன்னல்தானேய்யா வழி?" என்றார்.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். கதவுக்குள் 12 வோல்ட் நேர்மின்னோட்ட மோட்டார் ஒன்று இருக்கிறது. அது பல்சக்கரம் வழியாக 'விண்டோ மெஷின்' என்ற கைகளை அசைக்கிறது. அந்தக் கைகள் கண்ணாடியைத் தூக்குகின்றன. மின்னோட்டத்தின் திசையை ஸ்விட்ச் மாற்றினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும், கண்ணாடி இறங்கும். பல பழைய கார்களில் மோட்டாருக்குப் போகும் மின்னோட்டம் முழுவதும் ஸ்விட்ச் வழியாகத்தான் போகிறது. இதை மறக்காதீங்க, பின்னால் வேண்டும்.

கண்ணாடி மெதுவானால் முதலில் இரண்டு திருடர்களைத் தேட வேண்டும். ஒருவன் உராய்வு. இன்னொருவன் மின்தடை.

முதல் திருடன்: உராய்வு

கண்ணாடி இரண்டு பக்கமும் ரப்பர் பள்ளத்தில் ஓடுகிறது. வருஷக்கணக்கில் வெயில் பட்டு ரப்பர் இறுகிவிடும், பள்ளத்தில் மண் சேர்ந்துவிடும். விண்டோ மெஷினில் போட்ட கிரீஸும் காய்ந்து கோந்து மாதிரி ஆகிவிடும்.

கண்டுபிடிக்கும் வழி: கண்ணாடியை மெஷினிலிருந்து கழற்றிக் கையால் ஏற்றி இறக்கிப் பாருங்கள். கை வலித்தால் மோட்டாருக்கும் வலிக்கும்! ஏதாவது ஒரு இடத்தில் மட்டும் திக்கினாலும் உராய்வைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

நாங்கள் பள்ளத்தைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, காயவைத்து, சிலிக்கான் ஸ்ப்ரே அடித்தோம். (சாதாரண ஆயில் வேண்டாம், ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும்.) மெஷினின் பழைய கிரீஸைச் சுரண்டிவிட்டுப் புதிது தடவினோம். மோட்டார் எடுத்துக்கொண்ட மின்னோட்டம் 9 ஆம்பியரிலிருந்து 6.5 ஆம்பியராகக் குறைந்தது. நேரம் 14 விநாடியிலிருந்து 9 விநாடிக்கு வந்தது. ஆனாலும் 4 விநாடி வரவில்லையே?

இரண்டாம் திருடன்: மின்தடை

மோட்டார் இணைப்பைக் கழற்றி, ஸ்விட்ச்சை அழுத்தி, மல்டிமீட்டரை வைத்தேன். 12.4 வோல்ட்! பேட்டரியிலும் அதே 12.4. "சித்தப்பா, கரண்ட் சரியா வருது. மோட்டார்தான் போச்சு" என்று பெருமையாகச் சொன்னேன்.

சித்தப்பா சிரித்தார். "சும்மா உட்கார்ந்திருக்கும்போது எல்லாரும் நல்லவங்கதான்டா. வேலை குடுத்துப் பாரு" என்றார்.

இணைப்பை மறுபடி மாட்டி, கண்ணாடி ஏறிக்கொண்டிருக்கும்போதே அளந்தேன். பேட்டரியில் 12.4 வோல்ட். மோட்டாரில் வெறும் 8.9 வோல்ட்! நடுவில் 3.5 வோல்ட் காணாமல் போய்விட்டது.

ஏன் முதலில் தெரியவில்லை? இங்கேதான் நம் பாடம் வருகிறது.

V = I × R

மோட்டாரைக் கழற்றியிருந்தபோது மின்னோட்டம் ஏறத்தாழ பூஜ்யம். பூஜ்யத்தை எந்த மின்தடையால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே? அதனால் இழப்பே தெரியவில்லை. மின்னோட்டம் ஓடும்போதுதான் திருடன் வெளியே வருவான்.

அடுத்து, கண்ணாடி ஓடும்போதே பாதையைத் துண்டு துண்டாக அளந்தோம்:

ஃபியூஸ், வயர்: 0.3 வோல்ட்
ஸ்விட்ச்: 2.6 வோல்ட்
எர்த் இணைப்பு: 0.6 வோல்ட்
மொத்தம்: 3.5 வோல்ட்

கணக்கு சரியாக வந்தது! ஸ்விட்ச்சின் மின்தடை 2.6 ÷ 6.5 = 0.4 ஓம். பார்த்தால் சின்ன எண். ஆனால் அங்கே வெப்பமாக வீணாகும் திறன் 2.6 × 6.5 = 16.9 வாட். ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட்தான்! ஸ்விட்ச்சின் பிளாஸ்டிக் உருகியிருந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

ஸ்விட்ச்சைத் திறந்தால் உள்ளே செம்பு முனைகள் கரியாகக் கிடந்தன. நைசான எமரித் தாளால் லேசாகத் தேய்த்து, கான்டாக்ட் கிளீனர் அடித்தோம். எர்த் போல்ட்டின் துருவைச் சுரண்டி இறுக்கினோம். இப்போது 5 விநாடி! பெரியவர் ஐந்தாறு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தார், சின்னப் பிள்ளை மாதிரி. மோட்டாரை நாங்கள் கழற்றவே இல்லை.

ஸ்விட்ச் மறுபடி கருகாமல் இருக்க ரிலே போடலாம். அப்போது ஸ்விட்ச் வழியாகக் கொஞ்சம் மின்னோட்டம்தான் போகும். பெரிய மின்னோட்டத்தை ரிலே பார்த்துக்கொள்ளும்.

அப்படியானால் மோட்டார் எப்போது கெட்டது என்று சொல்லலாம்? கண்ணாடி லேசாக ஓடுகிறது, வேலை செய்யும்போதும் மோட்டாரில் கிட்டத்தட்ட முழு வோல்ட் இருக்கிறது, ஆனாலும் மெதுவாகவே சுற்றுகிறது என்றால்தான். அப்போதும் உள்ளே கார்பன் தேய்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கவனம்! (பெரியவர்கள் துணையோடு மட்டும்)

1. சில விண்டோ மெஷின்களில் பலமான சுருள்வில் இருக்கும். கைகளைக் கட்டி நிறுத்தாமல் மோட்டாரைக் கழற்றினால் படாரென்று திரும்பி விரலை வெட்டும். சித்தப்பா கையில் தழும்பு இன்னும் இருக்கிறது.
2. மல்டிமீட்டரை ஆம்பியர் அளவில் வைத்து பேட்டரியின் இரு முனைகளில் நேராக வைக்கவே கூடாது.
3. ஃபியூஸ் போனால் வெறும் கம்பி சுற்றாதீர்கள். வயர் தீப்பிடிக்கும்.
4. பழைய பவர் விண்டோக்களுக்கு விரல் மாட்டினால் நிற்கத் தெரியாது. ஏற்றும்போது தம்பி, தங்கைகள் கையை வெளியே நீட்டவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நண்பர்களே, ஒரு பொருளைக் கெட்டது என்று தூக்கிப் போடுவதற்கு முன்னால் அளந்து பாருங்கள். அதுவும் அது வேலை செய்துகொண்டிருக்கும்போது அளந்து பாருங்கள்!

யோசியுங்கள்: சுத்தம் செய்த ஒரு ஸ்விட்ச்சில் 7 ஆம்பியர் ஓடும்போது 0.21 வோல்ட் இழப்பு. அதன் மின்தடை எவ்வளவு? அங்கே வீணாகும் திறன் எவ்வளவு? விடையைத் துண்டுச் சீட்டில் எழுதி இந்தப் பலகையின் கீழே குத்திவிட்டுப் போங்கள். சரியான விடை அடுத்த இதழில்.