புறநகர்க் குடியிருப்பும் பொது முற்றமும்

அந்நாளைய பம்பாயின் நெருக்கடியைக் குறைக்கும் நோக்குடன், தாணே உப்பங்கழிக்கு அப்பால் புதிய நகரம் அமைக்கும் பொறுப்பு 1970-இல் தொடங்கப்பட்ட சிட்கோ நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. புறநகரில் குடியேறுவோருக்கு வீட்டைத் தவிர வேறு எது இன்றியமையாதது என்பதற்கு, அங்குள்ள பேலாப்பூர் குடியிருப்பு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

சார்லஸ் கொரியா வடிவமைத்த இத்திட்டம் 1983-க்கும் 1986-க்கும் இடையில் உருவாயிற்று. ஏழு வீடுகள் கூடி 8 மீட்டர் சதுர முற்றம் ஒன்றைச் சூழ்ந்துள்ளன. இத்தகைய மூன்று தொகுதிகள் மற்றொரு பெரிய முற்றத்தைச் சூழ்கின்றன. மனைகளின் பரப்பு ஏறத்தாழ 45 முதல் 75 சதுர மீட்டர் வரையே. அண்டை வீடுகளுக்குப் பொதுச் சுவர் இல்லாமையால், வருவாய் பெருகும்போது அவரவர் வீட்டை விரிவாக்கிக்கொள்ள இயலும். சிறிய வீட்டின் குறையை முற்றம் ஈடு செய்கிறது: குழந்தைகளுக்கு அதுவே விளையாட்டிடம், முதியோருக்கு அதுவே திண்ணை.

1992-இல் இரயில் பாதை வாஷியை எட்டியது. நில மதிப்பு உயர்ந்தது. காலப்போக்கில் பேலாப்பூரின் பழைய வீடுகள் பல இடிக்கப்பட்டு, மாடிக் கட்டடங்கள் எழுந்தன. ஆயினும் முற்றங்கள் நிலைத்துள்ளன. வீட்டைத் திரும்பக் கட்டலாம். இழந்த பொது இடத்தை மீட்பது அரிது. எனவே திட்டமிடுவோர் அதனை வீண் நிலமாகக் கருதாது, மனைப் பிரிவின்போதே ஒதுக்கிவைத்தல் வேண்டும்.