ஒரு சாப்பாட்டுக் கடையை வாசித்தல்

திசைச்சொற்கள் பற்றி ஓர் ஒப்படை தயாரிக்கும்படி எங்கள் தமிழ் ஆசிரியை கூறியபோது, வகுப்பில் பலரும் அகராதியைத் தேடி நூலகத்துக்குப் போனார்கள். நான் ஹோட்டலுக்குப் போகலாம் என்று நினைத்தேன். இலங்கையில் நாம் ஹோட்டல் என்று சொல்வது தங்கும் விடுதியை அல்ல. தேத்தண்ணியும் ரோல்ஸும் கொத்தும் கிடைக்கும் சாப்பாட்டுக் கடைக்குத்தான் அந்தப் பெயர்.

ஆனால் எங்கள் ஊரில் ஒரு பெண்பிள்ளை குறிப்புப் புத்தகத்தை விரித்துக்கொண்டு ஹோட்டலின் முன்பகுதியில் தனியே உட்காருவது நடக்கிற காரியமல்ல. ஆகவே முதல் நாள் தம்பியை அனுப்பி, சுவரிலுள்ள விலைப் பட்டியலைப் பார்த்து எழுதி வரச் சொன்னேன். கூலியாக ஒரு பற்றீஸ் கேட்டான். 'நாசிகோரன்' என்பதை 'நாசி குரங்கு' என்று எழுதிக் கொண்டுவந்தான். அடுத்த வாரம் உம்மாவையும் சாச்சியையும் அழைத்துக்கொண்டு நானே போனேன்.

கடைக்குள் காலடி வைத்து உட்காருவதற்குள்ளேயே என் ஒப்படையின் பாதி முடிந்துவிட்டது. நாங்கள் உட்கார்ந்த கதிரை, எங்களுக்கு முன்னால் இருந்த மேசை, தேத்தண்ணி வந்த கோப்பை, அதற்கு அடியில் இருந்த பீரிசு ஆகிய நான்குமே போர்த்துக்கேயர் தந்த சொற்கள். தட்டில் இருந்த பாணும் அவர்களுடையதுதான். 1505இல் இந்தத் தீவுக்கு வந்தவர்கள் 1658இல் ஒல்லாந்தரிடம் யாழ்ப்பாணத்தையும் இழந்து வெளியேறிவிட்டார்கள். கோட்டைகளைக்கூட விட்டுவிட்டுப் போனவர்களின் மேசையும் கதிரையும் மட்டும் நம் வாயில் தங்கிவிட்டன.

ஒல்லாந்தரின் பங்கு குறைவு. ஆனால் அதில் ஒரு சொல் எனக்கு மிக நெருக்கமானது. அது 'பாஸ்'. மேசன் பாஸ், தச்சு பாஸ் என்று நாடு முழுவதும் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் கைவினைஞரை இப்படித்தான் அழைக்கிறோம். தொழிலில் தலைமையானவரைக் குறிக்கும் டச்சுச் சொல் அது. ஹோட்டலில் அவர் ரொட்டி பாஸ் அல்லது கொத்து பாஸ். அவரைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

தம்பியைக் குழப்பிய நாசிகோரன் மலாய்ச் சொல். நாசி என்றால் சோறு, கோரெங் என்றால் பொரித்தது. சம்பலும் மலாயிலிருந்து வந்ததுதான். புரியாணி பாரசீகத்தின் வழியாக வந்தது. நம் கல்யாண வீடுகளில் ஐந்தாறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் உண்ணும் சஹன், தட்டு என்ற பொருள் தரும் அரபுச் சொல். இப்போது அதுவும் ஹோட்டல் பட்டியலில் ஏறிவிட்டது. மாலு பாணில் 'மாலு' சிங்களம், மீன் என்று பொருள். 'பாண்' போர்த்துக்கேயம். இரண்டையும் சேர்த்துத் தமிழில் கேட்டு வாங்குகிறோம். கிம்புலா பணிஸ் என்றால் முதலை பணிஸ். சீனி தூவிய அதன் நீண்ட உருவத்தைப் பார்த்தவர்களுக்குப் பெயரின் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் நன்னூலை நினைத்துப் பார்த்தேன். இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்காகப் பிரித்துப் படிக்கிறோம். பரீட்சைக்கு அது சரி. ஆனால் சாச்சியிடம் 'மேசை தமிழ்ச் சொல்லா?' என்று கேட்டேன். 'பின்ன என்ன, இங்கிலீசா?' என்றார். பேசுகிறவருக்குத் தன் வீட்டுச் சொல் எதுவும் திசைச்சொல்லாகத் தெரிவதில்லை.

சோர்ட் ஈட்ஸ் தட்டைப் பற்றியும் கொஞ்சம் எழுத வேண்டும். நாம் உட்கார்ந்ததும் கேட்காமலேயே ரோல்ஸ், கட்லட், பற்றீஸ், சமோசா நிறைந்த தட்டு ஒன்று வருகிறது. விரும்பியதை எடுத்து உண்கிறோம். எழும்பும்போது மிச்சத்தை எண்ணி, குறைந்ததற்கு மட்டும் காசு கேட்கிறார்கள். எத்தனை வைத்தோம் என்பது வெயிட்டரின் நினைவில் இருக்கிறது, எத்தனை உண்டோம் என்பது நம் நேர்மையில் இருக்கிறது. இவ்வளவு நம்பிக்கையோடு நடக்கும் வியாபாரம் வேறு எங்கும் உண்டா தெரியாது. ஆனால் மிஞ்சியவை அடுத்த மேசைக்குப் போகின்றன என்பதையும் நாம் மறக்கக் கூடாது. முன்னால் இருந்தவர் எதை அழுத்திப் பார்த்தாரோ! சமைத்த உணவை அறை வெப்பநிலையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக் கூடாது, சூடாக வைப்பதென்றால் 60 பாகை செல்சியசுக்கு மேல் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார தாபனத்தின் அறிவுரை. காலை ஆறு மணிக்குப் பொரித்த இறைச்சி ரோல்ஸ் பத்து மணிக்கும் தட்டில் இருந்தால் அதை எடுக்காதீர்கள், பெற்றோரே. 'இப்பப் போட்டது இருக்கா?' என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. இடுக்கியால் எடுத்துத் தரச் சொல்வதும் அப்படித்தான். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் நம் பக்கம் இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் இருக்கிறார்.

நாங்கள் இருந்தது 'பெமிலி ரூம்'. பலகையால் மறைத்து, வாசலில் திரை தொங்கும் சின்ன அறை. உம்மாவுக்கு அங்கேதான் நிம்மதி. நிகாபை உயர்த்திச் சாப்பிடலாம், யாரும் பார்க்கமாட்டார்கள். எனக்கும் அது வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே மின்விசிறி ஓடவில்லை, கை கழுவும் இடத்துக்கு ஆண்கள் பகுதியைக் கடந்துதான் போக வேண்டும், கூப்பிட்டால் வெயிட்டருக்குக் கேட்பதில்லை. பெண்களுக்கென்று அறை ஒதுக்குபவர்கள் அதில் ஒரு குழாயையும் ஒதுக்கலாமே என்று நினைத்தேன். என் குறை வேறொன்றும் உண்டு. அங்கிருந்து கொத்துக் கல் தெரிவதில்லை, சத்தம் மட்டும்தான் கேட்கும்.

சத்தத்தை வைத்தே எனக்கு ஓரளவு தெரியும். என் வாப்பா ஒரு கொத்து பாஸ்.

கோதுமை மாவும் உப்பும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்து, உருண்டைகளாக்கி எண்ணெயில் ஊறவைத்து, கையால் இழுத்து மெல்லிய ரொட்டியாகச் சுடுவார்கள். அதைக் கீலம் கீலமாக வெட்டி வைத்திருப்பார்கள். ஓர்டர் வந்ததும் சூடான இரும்புக் கல்லில் வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய், லீக்ஸ், கரட், கோவா எல்லாம் விழும். பிறகு முட்டை, ரொட்டி, இறைச்சி, கடைசியாக ஆணம். இரண்டு கைகளிலும் மழுங்கிய இரும்புத் தகடுகள். வெட்டுவதும் கலப்பதும் ஒரே அசைவில் நடக்கும். ஆணம் ஊற்றும் முன் சத்தம் கணீரென்று இருக்கும், ஊற்றியதும் மட்டாகிவிடும். கொத்து என்பது சுத்தமான தமிழ் வினைச்சொல். பட்டியலில் இத்தனை நாட்டுச் சொற்களுக்கு நடுவே, சிங்களவரும் ஆங்கிலம் பேசுபவரும் தமிழிலேயே கேட்டு வாங்கும் உணவு இது. பிட்டுக் கொத்து, இடியப்பக் கொத்து, சீஸ் கொத்து என்று அதற்குப் பிள்ளைகளும் பிறந்துவிட்டன. கிழக்கில் பிறந்த உணவு என்றே பெரும்பாலானோர் சொல்வர். எங்கள் பக்கத்திலிருந்து எத்தனையோ வாப்பாமார் இந்த இரண்டு தகடுகளை நம்பித்தான் தூர ஊர்களில் வேலை செய்கிறார்கள். வாப்பா இருப்பது சிங்கள மக்கள் அதிகமாக வாழும் ஒரு நகரத்தில். மாதத்துக்கு இரண்டு நாள் வீட்டுக்கு வருவார்.

நான் ஐந்தாம் தரத்தில் புலமைப் பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வருடம் அவர் சொல்லாமலே வந்து மூன்று வாரம் வீட்டில் இருந்தார். எனக்குப் பெரிய சந்தோஷம். காரணம் பிறகுதான் தெரிந்தது. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில், உணவில் கருத்தடை மாத்திரை கலந்திருப்பதாக ஒருவர் குற்றஞ்சாட்ட, கூட்டம் கூடி, கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அடுத்த வாரம் கண்டி மாவட்டத்தில் கலவரம் வெடித்து, மார்ச் 6 அன்று அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. உணவில் கலந்து மனிதரை மலடாக்கும் மாத்திரை என்று மருத்துவத்தில் ஒன்று கிடையாது. அம்பாறையில் எடுத்த மாதிரியைப் பரிசோதித்த அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களமும் அதில் மருந்து எதுவும் இல்லை, அது மாக்கட்டி என்றே அறிக்கை தந்தது.

ஒரு மாக்கட்டி. ஆணம் தடிப்பாக வருவதற்குச் சில இடங்களில் மா கரைத்து ஊற்றுவார்கள், சரியாகக் கரையாவிட்டால் கட்டி தங்கிவிடும். எந்தச் சமையலறையிலும் நடப்பது. உம்மாவின் கஞ்சியில்கூட நடக்கும்.

வாப்பா திரும்பிப் போனபோது கடையில் பாதி மேசைகள் வெறுமையாக இருந்தனவாம். பழைய வாடிக்கையாளர்கள் சிலர் வந்தார்கள். எதிரே நிற்கும் சிங்கள முச்சக்கர வண்டிச் சாரதி ஒருவர் தினமும் வந்து, உள்ளே போகாமல் வீதியைப் பார்த்த முன்மேசையிலேயே இருந்து, கொத்தைச் சாப்பிட்டுவிட்டுப் போவாராம். ஏன் என்று இவர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து வாப்பா மாவை இரண்டு தடவை அரிதட்டில் அரிக்கிறார். கடையில் மட்டுமல்ல, பெருநாளைக்கு வீட்டில் ரொட்டி சுடும்போதும் அப்படித்தான். உம்மா 'இது நம்மட ஊடுதானே' என்பார். அவர் பதில் சொல்லமாட்டார், அரித்துக்கொண்டே இருப்பார்.

2022இல் வேறு விதமான வெறுமை வந்தது. 2021 ஒக்டோபருக்கு முன் 1,500 ரூபாவுக்கும் குறைவாக இருந்த 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,800 ரூபாவைத் தாண்டியது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. எத்தனையோ கடைகள் மூடின, சில விறகுக்கு மாறின. விறகு அடுப்பில் கொத்துக் கல்லுக்கு ஒரே சீரான சூடு வராது என்று வாப்பா சொல்வார். அப்போது ஏறிய விலைகள் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. ஆகவே வெளியே சாப்பிடப் போகும் குடும்பங்கள் பில்லை வாசிக்கவும் பழக வேண்டும். 800 ரூபாக் கொத்து மூன்று எடுத்தால் 2,400. சேவைக் கட்டணம் 10 வீதம் என்றால் இன்னும் 240. வரிப் பதிவுள்ள பெரிய இடமென்றால் 2024 ஜனவரியிலிருந்து 18 வீத வற் வரியும் உண்டு. பட்டியலின் அடியில் சிறிய எழுத்தில் அது இருக்கும். உட்காரும் முன் பாருங்கள். புதிதாக வந்துள்ள கபேக்களில் ஒரு குளிர்க் கோப்பியின் விலைக்கு எங்கள் தேத்தண்ணிக் கடையில் பத்துப் பேர் வெறுந் தேத்தண்ணி குடிக்கலாம். தோழியர் பிறந்தநாளுக்கு அங்கே போவதை நான் குறை சொல்லவில்லை, நானும் போயிருக்கிறேன். படம் எடுக்கும் வரை கோப்பியைத் தொட விடமாட்டார்கள் என்பதுதான் கஷ்டம்.

ஒப்படைக்கு எழுபத்தொரு சொற்கள் சேர்ந்தன. ஆசிரியை நல்ல புள்ளி தந்தார். ஆனால் பாஸ் என்ற சொல்லுக்கு எதிரே ஓர் உதாரண வாக்கியம் எழுதாமல் விட்டிருந்ததைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார்.

சென்ற டிசம்பர் விடுமுறையில் வாப்பா வேலை செய்யும் நகரத்துக்கு முதன்முதலாகப் போனோம். அவருடைய கடையில் பெமிலி ரூம் இல்லை. முன்பகுதியில் சுவரோரமாக ஒரு மேசையைத் தந்தார்கள். உம்மா சுவரைப் பார்த்து இருந்தார், நான் கல்லைப் பார்த்து இருந்தேன். கைகள் இரண்டும் மா அப்பிய வெள்ளையாக, தலையில் தொப்பியோடு, வேகமாகக் கொத்திக்கொண்டிருந்தவர் வீட்டில் நாங்கள் பார்க்கும் மெதுவான வாப்பா அல்ல. அவருடைய முழங்கைக்கு மேலே எண்ணெய் தெறித்த சுட்ட தழும்புகள் வரிசையாக இருந்ததை, அத்தனை வருடமும் வீட்டில் பார்த்திருந்தும், அன்றுதான் எண்ணினேன்.

எங்கள் கொத்தை அவரே கொண்டுவந்து வைத்துவிட்டு, பக்கத்துக் கதிரையில் ஐந்து நிமிடம் இருந்தார்.

'உப்புக் காணுமா மகள்?'

'காணும் வாப்பா.'

காசியர் அங்கிருந்தே, 'பாஸ், கொத்து தெகாய்!' என்று குரல் கொடுத்தார். இரண்டு கொத்து. வாப்பா எழுந்து போனார். தகடுகளின் சத்தம் மறுபடியும் தொடங்கியது. நாங்கள் உண்டதற்கு உரிய காசை அவருடைய சம்பளத்தில் கழித்துக்கொண்டார்கள் என்று பின்னர் உம்மா சொன்னார். சேவைக் கட்டணம் போடவில்லையாம்.