பூட்டனாரைத் தேடுபவர்களுக்கு...

சிற்றூரில் மளிகைக்கடை வைத்திருந்த பூட்டனாரின் வாழ்க்கையை அறிய விரும்புகிறவர்கள் முதலில் இறக்க வேண்டியது பரணில் கிடக்கும் டிரங்குப் பெட்டியை. பழைய மொய் நோட்டு கிடைத்தால் பெரிய அதிர்ஷ்டம். பெயர், ஊர், தொகை என்று வரிசையாக இருப்பதால், சொந்தபந்தம் எந்தெந்த ஊர்களில் இருந்தது என்பது அதிலேயே தெரிந்துவிடும். சீர்ப் பாத்திரங்களில் வெட்டிய பெயர்களையும் எடைக்குப் போடும் முன் படமெடுத்து வைக்கலாம்.

அதைவிடப் பெரிய புதையல் மூலப்பத்திரம். எழுதிக் கொடுத்தவரின் தகப்பனார் பெயர், குடியிருந்த ஊர், நான்கு எல்லையிலும் இருந்த நிலக்காரர்கள் எல்லாம் அதில் வருவார்கள். மகள் கல்யாணம், பழைய கடன் என விற்ற காரணம்கூடச் சிலவற்றில் இருக்கும். பத்திரம் தொலைந்திருந்தால், வில்லங்கச் சான்றில் ஆவண எண்ணைப் பார்த்து சார்பதிவாளர் அலுவலகத்தில் நகலுக்கு விண்ணப்பிக்கலாம்.

பெரியவர்களிடம் ஆண்டைக் கேட்டால் தயங்குவார்கள். "1964 தனுஷ்கோடி புயலுக்கு முன்னாலா, பின்னாலா?" என்று கேட்டால் நினைவு சட்டென்று பிடிபடும்.

கடல் கடந்தவரா? 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளர்களின் கப்பல் பட்டியல்களில் தகப்பன் பெயர், வயது, ஊர் எல்லாம் பதிவாகியுள்ளன. மொரீஷியஸ் போனவர்களின் பதிவேடுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. பெயரைப் பல எழுத்துக்கூட்டல்களில் தேடிப் பார்ப்பது அவசியம். அன்றைய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார்கள்.