கடலோர நிலங்களை இனங்காணும் முறை

நமது மாநிலத்தின் கடற்கரை 1,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளமுடையது. அதனை அடுத்த ஊர்களில் சாலைக்கோ கட்டடத்திற்கோ இடம் தேடுங்கால், "வெறும் மணல்தானே" என்று மேட்டைச் சமன் செய்துவிடுதல் உண்டு. கடலோர நிலம் யாவும் ஒரு தன்மையதன்று. அவற்றைப் பிரித்தறியும் விதத்தை இங்குக் காண்போம்.

மணற்குன்று: இது காற்றினால் குவிந்தது. கையில் அள்ளினால் மணல் நயமாகவும் ஒரே சீராகவும் இருக்கும். முழுச் சிப்பிகள் அரிது. அடம்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் படர்ந்து மணலைப் பிடித்து நிற்கும். தூத்துக்குடி மாவட்டத்துச் செம்மணல் தேரிகளும் காற்றுக் குவித்தவையே.

மணல் திட்டு: இது அலையும் நீரோட்டமும் சேர்த்தது. ஆற்று முகத்துவாரத்தின் குறுக்கே தாழ்ந்து கிடக்கும். பருமணலும் சிப்பியும் கலந்திருக்கும். பருவந்தோறும் வளரும்; வெள்ளத்தில் உடையும். ஆதலின் இதன்மீது நிலையான கட்டடம் எழுப்புதல் ஆகாது. கடலினுள் நீண்ட தாழ்ந்த மணல்நிலத்தில் அமைந்திருந்த தனுஷ்கோடி, 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்ததை யாவரும் அறிவர்.

காயல்: மணல்நிலம் தடுத்துக் கடலினின்றும் பிரித்த ஆழமற்ற நீர்ப்பரப்பு இது. பழவேற்காடு ஏரியைக் கடலிலிருந்து பிரித்து நிற்பது ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. முகத்துவாரம் தூர்ந்தால் மீன்வரத்துக் குன்றும். மழைவெள்ளமும் எளிதில் வடியாது.

அலையாத்திச் சதுப்பு: ஆறு கொணர்ந்த வண்டல், ஓதம் ஏறி இறங்கும் இடத்தில் படிந்து உண்டாவது. கால் புதையும் கருஞ்சேறும், சேற்றுக்கு மேல் தெரியும் மரவேர்களும் இதன் அடையாளம். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் இதனைக் காணலாம். அலையின் வேகத்தைத் தணிப்பதும், இறால், மீன் குஞ்சுகளை வளர்ப்பதும் இதன் பயன்.

இவற்றுள் விவசாயிகள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது மணற்குன்றாகும். அதன்மேல் பெய்த மழை உள்ளிறங்கி, கனமான உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. குன்றடியில் ஊற்றுத் தோண்டினால் நல்ல தண்ணீர் கிடைப்பதன் காரணம் இதுவே. நிலத்தடி நன்னீர், கடல்மட்டத்திற்கு மேல் 1 அடி உயர்ந்து நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழம் வரை நன்னீர் நிற்கும் என்பது பொதுக் கணக்கு. மேலே 1 அடி குறைந்தால் கீழே 40 அடியை நாளடைவில் இழக்க நேரிடும். குன்றை வெட்டி அகற்றுவதும், அளவுக்கு மிஞ்சி நீர் இறைப்பதும் அருகிலுள்ள கிணறுகளை உவராக்கும். உவரேறிய கிணறு மீண்டும் நன்னீராக நெடுங்காலம் பிடிக்கும்.

2019-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மணற்குன்று, அலையாத்திக் காடு, உவர்ச் சதுப்பு ஆகியவற்றைச் சிறப்பான பாதுகாப்புக்கு உரியவையாக வகுத்துள்ளது. எனவே, பஞ்சாயத்தில் எவ்வேலைக்கும் தீர்மானம் நிறைவேற்றுமுன், உறுப்பினர்கள் அவ்விடத்தை நேரில் நடந்து பார்த்து, மண்ணையும் செடியையும் நீரையும் சோதித்து, அது எவ்வகை நிலம் என்பதை முதலில் தீர்மானித்தல் வேண்டும். ஒரு நாளில் வெட்டிய குன்றைக் காற்று மீண்டும் குவிக்கப் பல தலைமுறை ஆகலாம்.