ஊரடங்கு மட்டுமா கடைகளைக் காலியாக்கியது?

"ஊரடங்கு போடாமல் இருந்திருந்தால் வியாபாரம் படுத்திருக்காது." கொரோனா காலத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இன்றும் காதில் விழுவது இது. இழந்தவர்களின் வேதனையிலிருந்து வருவதால் எளிதாக ஒதுக்கிவிட முடியாது. ஆனால் நடந்தது முழுவதும் இதில் அடங்காது.

கோழியிலிருந்து தொடங்கலாம். தமிழ்நாட்டில் முதல் தொற்று உறுதியானது 2020 மார்ச் 7 அன்று. நாடு தழுவிய ஊரடங்கு வந்தது மார்ச் 25-இல். பல்லடம், நாமக்கல் பண்ணைகளோ பிப்ரவரியிலேயே ஆடிப்போயிருந்தன. கோழிக்கறியால் கொரோனா பரவும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி. அதற்கு ஆதாரமே இல்லை என்று மத்திய கால்நடைத் துறை சொல்லியும் ஜனங்கள் கறிக்கடைப் பக்கம் போகத் தயங்கினார்கள். விலை அடக்கத்துக்கும் கீழே இறங்கியது. அடி பண்ணைக்காரரோடு நிற்கவில்லை, தீவனத்துக்கு மக்காச்சோளம் விளைவித்த விவசாயியையும் தொட்டது. அப்போது கோழிக்கடையை மூடச் சொல்லி எந்த அரசாணையும் இல்லை. பயமே போதுமானதாக இருந்தது.

வெளிநாட்டிலும் இதே கதைதான். கொரோனா பரவியபோது டென்மார்க் கடைகளை அடைத்தது, பக்கத்து நாடான ஸ்வீடன் பெரும்பாலும் திறந்தே வைத்திருந்தது. கோபன்ஹேகன் பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் இரு நாட்டு மக்களின் வங்கிக் கணக்குச் செலவுகளை ஒப்பிட்டார்கள். டென்மார்க்கில் செலவு சுமார் 29 சதவீதம் குறைந்திருந்தது. ஸ்வீடனில் சுமார் 25. நோய் தெருவில் இருக்கும்போது, கடை திறந்திருந்தாலும் மக்கள் வெளியே வரத் தயங்குவார்கள் என்பதைத்தான் இது காட்டுகிறது.

அப்படியானால் நம் ஊரடங்கு யாரையும் வதைக்கவில்லையா? அதுவும் பொய். இரவு எட்டு மணிக்கு அறிவித்து நள்ளிரவில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். ரயில் இல்லை, பஸ் இல்லை. 2020 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் நாட்டின் உற்பத்தி 23.9 சதவீதம் சுருங்கியதாக முதல் மதிப்பீடு சொன்னது. கட்டுமானத் தொழில் பாதியாகிப்போனது. விவசாயம் மட்டும் 3.4 சதவீதம் வளர்ந்தது. பயத்தால் வரும் சரிவோடு, அவகாசமே தராத உத்தரவின் சரிவும் இங்கே சேர்ந்துகொண்டது.

"விவரம் தெரியாமல்தான் வெளிமாநிலத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக நடந்தார்கள்" என்பது அடுத்த நம்பிக்கை. இதைக் கேட்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. கூலி நின்றுவிட்டது, வாடகை நிற்கவில்லை. பலருடைய ரேஷன் அட்டை சொந்த ஊரில் இருந்தது. அந்த நிலையில் ஊருக்குக் கிளம்புவது கணக்குப் பார்த்து எடுத்த முடிவு. திரும்பிப் போனவர்கள் சும்மாவும் இருக்கவில்லை. நூறு நாள் வேலை கேட்டுப் பெருங்கூட்டம் திரண்டதால், அந்த ஆண்டு பட்ஜெட்டில் 61,500 கோடி ரூபாயாக இருந்த ஒதுக்கீட்டை 1,11,500 கோடியாக உயர்த்த வேண்டியதாயிற்று. நிவாரணம் கொடுத்தால் மக்கள் சோம்பேறி ஆவார்கள் என்பவர்களுக்கும் இதில் பதில் இருக்கிறது.

"காய்ச்சலை மறைத்தவர்கள் சுயநலக்காரர்கள்" என்றும் ஒரு பேச்சு உண்டு. மறைப்பு நடந்தது உண்மை, அதனால் தொற்று பரவியதும் உண்மை. ஆனால் பரிசோதனையில் தொற்று என்று வந்தால் என்ன ஆனது? சென்னையில் வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள், சில வீடுகளைத் தகரம் வைத்தே அடைத்தார்கள். தெருவே அந்த வீட்டை ஒதுக்கியது. வீட்டுவேலைக்குப் போன பெண்ணை இனி வர வேண்டாம் என்றார்கள். உரிய அதிகாரியின் உத்தரவு இல்லாமல் இப்படி நோட்டீஸ் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2020 டிசம்பரில்தான். அதற்குள் எத்தனையோ பேர் இருமலை அடக்கிக்கொண்டே வேலைக்குப் போயிருப்பார்கள். தகரத்துக்குச் செலவழித்த அரசு, தனிமையில் இருக்கும் நாட்களுக்கு அன்றாடக் கூலியைக் கொடுத்திருந்தால், அவர்களில் பலர் தாமாகவே பரிசோதனை முகாமுக்கு வந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.